அவர் கையால் முடுக்கியது

விமானத்தில் ஏற்றுகிற சைக்கிளுக்கு டயரில் பாதிக் காற்றையாவது இறக்கிவிட வேண்டும் என்பார்கள். அவசரத்தில் பலர் மறந்துவிடுவார்கள். நான் மறந்ததே இல்லை.

தையல்தான் என் தொழில், சார். சைக்கிள் கிளப்புக்குப் பை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தது என் மகனால்தான். முதல் வெளிநாட்டுப் பந்தயத்துக்கு அவன் சைக்கிளை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பி, அது சக்கரம் கோணிக்கொண்டு திரும்பி வந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவனுக்கு. கெட்டித் துணியில், உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்த பயிற்சியாளர், "இனிமே எல்லா சைக்கிளும் உங்க பொறுப்புமா" என்றார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெடலைக் கழற்றுவது, சக்கரங்களைத் தனியே சுற்றுவது, ஹேண்டில்பாரை எடுத்துச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுவது, அதன் போல்ட்டுகளைச் சின்னச் சுருக்குப்பையில் போட்டு முடிவது எல்லாம் மகன் சொல்லிக்கொடுத்தான். பொறுமையான பிள்ளை. ஒன்றையே நாலு தரம் கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டான்.

அவன் பயிற்சியில் இறந்தான். மலைப்பாதை இறக்கம், மழை பெய்து ஈரம். அன்று காலையில் அவனுக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. "இன்னைக்குப் போகலம்மா" என்றான். "மாஸ்டர் கோவிச்சுக்குவாரு, எழுந்திரு" என்று நான்தான் எழுப்பிவிட்டேன். அவருக்குப் பயந்துதானே எழுப்பினேன்? ஆகவே அதுவும் அவர் தலையில்தான் விழும். நியாயமாக யோசித்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

துக்கத்துக்கு மாஸ்டர் வந்தார். என் பக்கத்தில் குனிந்து, "பயந்துட்டாம்மா. திருப்பத்துல பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுட்டான். பிடிக்காம விட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் என் பிள்ளையைக் கிடத்தியிருந்த அறையிலேயே நின்றுகொண்டு அவனைக் கோழை என்றார். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வரவில்லை.

அவன் ஓட்டிய சைக்கிள் கிளப்புடையது. சட்டத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான். சில மாதம் கழித்து அதைச் சரிபார்த்து, சீட்டை இறக்கி, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடவே ஒரு விதியும் போட்டார். எந்த ஊருக்குப் போனாலும் ஹேண்டில்பாரை அவரேதான் மாட்டி முடுக்குவார், வேறு யாரும் தொடக்கூடாது. "இன்னொரு பிள்ளையப் பறிகொடுக்க என்னால முடியாது" என்றார். கேட்டவர்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. நான் அந்த விதியை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணைக் குருவி என்பார்கள். ஆள் அவ்வளவு சின்னவள். பயிற்சி முடிந்து என் வீட்டுக்கு வருவாள். தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். எனக்குக் கண் மங்கல் என்று தெரிந்து, ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவாள். என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டாள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மாஸ்டரையே ஏதாவது செய்திருக்கலாமே என்று கேட்டீர்கள். யோசிக்காமல் இல்லை. ஆனால் செத்துப்போகிறவருக்கு எதுவும் தெரியாது. இருப்பவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். ஆசை அவ்வளவுதான்.

பெரிய பந்தயம் வந்தது. போல்ட்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து, மகனுடைய அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். பொத்தான் துளைக்கு எவ்வளவு வெட்ட வேண்டும் என்று அறிந்த கை இது. முடுக்கும்போது பிடிக்க வேண்டும். வேகமாக இறங்கும்போது விட வேண்டும். அவசரப்படாமல் செய்தேன்.

விமான நிலையத்துக்கு நானும் போனேன். பாதுகாப்புக்காரர் பையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். சுருக்குப்பையை அவிழ்த்து, போல்ட்டுகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "என்னம்மா இது?" என்றார்.

"ஹேண்டில்பார் போல்ட். பத்திரம், தொலைஞ்சா வண்டி ஓடாது" என்றேன்.

குருவி சிரித்தாள். "அம்மா கட்டினா ஒரு கீறல்கூட விழாது சார்" என்று அவரிடம் சொன்னாள். அவர் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அந்த இடத்தில் கை தவறியதுபோல் கீழே போட்டுத் தொலைத்திருந்தால் போதும், புதிது வாங்கியிருப்பார்கள். முன்பைவிட இறுக்கமாக முடிந்து உள்ளே வைத்தேன். போகும்போது அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணன் சைக்கிள்ல ஜெயிச்சுட்டு வரேன்மா" என்றாள். "சாப்பிட்டுட்டு ஏறு" என்றேன்.

பந்தயத்தின் கடைசி இறக்கத்தில் ஹேண்டில்பார் அவள் கையோடு வந்துவிட்டதாம். மாஸ்டர் அங்கிருந்து முதலில் எனக்குத்தான் போன் செய்தார். "என் கையாலதாம்மா முடுக்குனேன், என் கையாலதான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கேட்டேன், "பயந்துட்டாளா மாஸ்டர்?"

அவர் அழுதது எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் வைக்கிற வரை நான் போனை வைக்கவில்லை.

நான் பேசாமல் இருந்திருந்தால் அது விபத்தாகவே முடிந்திருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் குருவியின் அம்மா அவரை மன்னித்துவிட்டாள். துக்கத்துக்குப் போன மாஸ்டர் அவள் காலில் விழப்போக, அவள் தூக்கி நிறுத்தி, "உங்க மேல தப்பில்ல மாஸ்டர், நீங்க அவளுக்கு அப்பா மாதிரி" என்றாளாம். கிளப்பில் வந்து சொன்னார்கள். மறுநாள் அவர் முகத்தைப் பார்த்தேன். தூங்கி எழுந்த முகம். எனக்கு அந்தத் தூக்கம் ஒருநாளும் கிடைக்கவில்லை, சார். மன்னிப்பதற்கு இது விபத்து அல்ல, அவருக்கென்று கொடுத்த தண்டனை என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு நடந்து உங்களிடம் வந்தேன்.

போல்ட்டுகளை ராவியது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

குருவியின் அம்மா வெளியே உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். உள்ளே கூப்பிடுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு இந்த நேரத்தில் ஆறுதல் சொல்ல, என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?