பூட்ஸ் மேல் ஒரு கட்டு

சுரண்டையிலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"கோயில் கொடை நாடகத்துல பட்டாளத்தான் பொண்டாட்டியா நடிச்சது நீங்கதானக்கா?" என்றாள் இளையவள்.

"ஆமா. புருசன் பொணத்து மேல விழுந்து அழுதேன், ஊரே சிரிச்சிட்டு. இனி மேடை ஏற மாட்டேன்."

"முதல்ல சிரிச்சது நான்தான். பொணத்துக்குக் கால் பெருவிரலைக் கட்டணும்னு பூட்ஸ் மேலயே கட்டிட்டிய."

"அவசரத்துல கழத்த மறந்துட்டோம். அதுக்கு நீ அப்பிடிச் சிரிப்பியோ?"

அடுத்தவர் பேச்சில் நான் வாய் வைப்பதில்லை. காதை மட்டும் வைத்திருந்தேன்.

"எங்க வீட்டுக்காரரும் பட்டாளந்தான்க்கா. பொட்டில வந்தாரு. தெறக்க விடல, கால் விரலைக் கட்டக்கூட விடல. மூணு வருசமா எனக்கு அழுகையே வரல. அன்னைக்கு அந்தக் கட்டைப் பாத்துச் சிரிச்சேன். சிரிச்சிக்கிட்டே இருக்கையில அழுகை வந்துட்டு. வீட்டுக்குப் போயும் தீரல. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நடித்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தென்காசிக் கோபுரம் தெரிந்தபோது சொன்னாள்.

"வர்ற கொடைக்கும் நீ மேடைக்கு நேரா உக்காரணும்."

"உக்காருதேன். பூட்ஸை மட்டும் கழத்திராதிய."