தாம் சமைக்காத முதல் விழாவில் எம் துறைத்தலைவிக்கு வாசித்தளித்த மடல்

மண்ணைப் பேணவும் மனையை ஆளவும் ஒருசேரக் கற்பித்த மாண்பாளரே! மனையியல் துறையின் மாசற்ற தலைவியே! முப்பத்தோர் ஆண்டுகள் முகம் கோணாது உழைத்து, இன்று மாலை ஐந்து மணிக்குப் பணிநிறைவு பெறும் எங்கள் அன்பு அம்மையே! வணக்கம். மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்க்கும் வணக்கம். அவர்கள் முன்னுள்ள தட்டுகள் காலியாயிருக்கும் காரணம் இம்மடலிலேயே வரும்.

முதல் வகுப்புக்கு ஒவ்வொரு மாணவியும் தன் வீட்டு ஒருநாள் அடுக்களைக் கழிவைக் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது நீங்கள் வகுத்த விதி. அதைத் தராசில் நிறுத்து, தேவையில்லாமல் வாங்கியது எது, வாங்கி வீணாக்கியது எது என்று பிரித்தெழுத வைப்பீர்கள். "மூக்கப் பொத்தாதம்மா, உங்க வீட்டுச் சோறுதான் இது" என்பீர்கள். பிறகு அதையே மண்புழுத் தொட்டியில் இட்டு உரமாக்கி, ஆய்வகத்தின் பின்னுள்ள அரை ஏக்கரில் கீரையும் தக்காளியும் விளைவித்த கைகள் உங்கள் கைகள். நால்வர் கொண்ட குடும்பம் எதை விளைத்து உண்ணலாம், எதைக் கடையில் வாங்கலாம், வாங்குமுன் உறையில் எதைப் படிக்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்து, நுகர்வியலையும் நிலம் கெடாத வேளாண்மையையும் ஒரே பட்டப்படிப்பாய்ப் பிணைத்தீர்கள்.

அந்தத் துறைக்கு இக்கல்லூரி சூட்டிய பட்டம், 'அடுப்படி டிபார்ட்மென்ட்'! ஆண்டு விழாவா, அடுப்பை ஏற்று. பட்டமளிப்பா, பாத்திரம் கழுவு. இயற்பியல் துறைத்தலைவர் ஒவ்வொரு முறையும் தட்டை நீட்டியபடி, "உங்க துறை மட்டும் இல்லேன்னா காலேஜே பட்டினிதான் மேடம்" என்று சிரிப்பார். நீங்களும் சிரிப்பீர்கள். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். பாராட்டு மடலில் குறை சொல்லலாகாது என்பார்கள். ஆனாலும் சொல்கிறோம் அம்மையே, ஒரு நாளாவது நீங்கள் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு மதிப்பீட்டுக் குழு வந்தபோதாவது சொல்லியிருக்கலாம். துறைகளின் வகுப்புகளைப் பார்வையிட வந்த குழு அது. அக்குழுவுக்கே விருந்து சமைக்கச் சொன்னார்கள். வகுப்பை ரத்து செய்துவிட்டு, நீங்களும் நாங்களும் மாணவியரும் அடுப்படியில் வெந்தோம். நம் நிலத்தை இயற்பியலாரே குழுவுக்குச் சுற்றிக்காட்டினார். "சும்மா, பொழுதுபோக்குக்கு ஒரு தோட்டம் சார்" என்றாராம். உங்கள் மண் ஆய்வுக் குறிப்பேடுகள் அலமாரியைவிட்டு வெளியே வரவில்லை. அறிக்கையில் நம் துறைக்கு இரண்டே வரிகள்: உபசரிப்பு மிகச் சிறப்பு, வகுப்பு எதுவும் நடைபெறக் காணோம். வெட்கக்கேடு! அன்று தட்டேந்தி நின்றவர்களில் நாங்களும் உண்டு என்பதை மறைக்கவில்லை.

பட்டும் நமக்குப் புத்தி வரவில்லை. இவ்விழாவுக்கும் நம் துறையே சிற்றுண்டி செய்யுமாறு நேற்றுச் சுற்றறிக்கை வந்தது. உங்கள் பிரிவு விழாவுக்கு நீங்களே மாவு பிசைய உட்கார்ந்தீர்கள்! "விடுங்கம்மா, கடைசித் தடவதானே" என்றீர்கள். பாத்திரத்தை உங்கள் கையிலிருந்து பிடுங்கியது மரியாதைக் குறைவென்றால் பொறுத்தருளுங்கள். அடுப்பை நாங்கள் பற்றவைக்கவில்லை.

இப்போது உங்கள் கைப்பையில் ஒரு தாள் இருப்பதை அறிவோம். அறிக்கையின் அந்த இரண்டு வரிகளைக் காட்டி, நம் பட்டப்படிப்பை மூடவும், பயிலும் பதினெட்டு மாணவியரை உணவக மேலாண்மைக்கு மாற்றவும், நிலத்தை வண்டிகள் நிறுத்தும் இடமாக்கவும் துறைத்தலைவியின் இசைவு கேட்கும் தாள் அது. இன்றைக்குள் நீங்கள் ஒப்பமிட்டால் எல்லாம் முடிந்தது. இடாவிட்டால் விவகாரம் கல்விக்குழுவுக்குப் போகும். அங்கே குறிப்பேடுகளோடு நாங்கள் நிற்போம். நேற்றுக் கேட்டதற்கு, "போற நேரத்துல எதுக்கும்மா பொல்லாப்பு?" என்றீர்கள். போவது நீங்கள் அம்மையே. பொல்லாப்பு அந்தப் பதினெட்டுப் பேருக்கு.

நோய் அண்டாத உடலும் நொந்துபோகாத உள்ளமும் பெற்று, பேரப்பிள்ளைகள் சூழ நெடுங்காலம் நீங்கள் நலமே வாழ்க! கோபத்தோடு வாழ்த்துகிறோம். அன்பில்லாத இடத்தில் எங்களுக்குக் கோபம் வராது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இங்ஙனம்,
மனையியல் துறையின் ஆசிரியைகள் நால்வர், ஆய்வக உதவியாளர், தோட்டக்காரர்.

இந்த மடலில் நாங்கள் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அந்தத் தாளில் நீங்கள் போடாதீர்கள்.