சுவரேறிய சேறு

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர் அவர்களே! அறிவில் மூத்த, அன்பில் முதிர்ந்த பெரியோர்களே! ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும் இடத்தில் நின்று ஊரின் தண்ணீரைக் காக்கும் தொழிலாளத் தோழர்களே! அவர்களைப் பெற்றும் மணந்தும் பொறுத்தும் வாழும் தாய்மார்களே! வணங்குகிறேன்.

மலரைப் பற்றிப் பேசலாம், மதியைப் பற்றிப் பேசலாம். என்னைப் பேச அழைத்ததோ கழிவுநீரைப் பற்றி! சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். காலையில் நீங்கள் அனுப்பியதுதான் மதியம் எங்களிடம் வந்து சேர்கிறது.

சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசி வட்டத் தொட்டி. நடுவில் நீர் நுழையும். சேறு அடியில் படியும். தெளிந்தது விளிம்பைத் தாண்டி ஆற்றுக்குப் போகும். ஆனால் ஒரு வருடம் பெய்த பெருமழையில் மூன்று நாள் என்ன போயிற்று? சேறு போயிற்று! அந்த ஆற்றைக் குடிக்கும் ஊர் கொதித்து எழுந்தது. யார் குற்றம்? நான் அப்போது நிலைய மேலாளர். படிந்த சேற்றை இழுக்கும் பம்பை ஓட்டாமல் விட்டார் என்று ஆபரேட்டரைப் பணியிடை நீக்கம் செய்தேன். பத்தொன்பது வருடம் அதே தொட்டியைப் பார்த்துக்கொண்டவர். ‘தொட்டியார்’ என்றுதான் அழைப்போம்.

விசாரணைக் குழு ஆதாரம் கேட்டது. நீரோட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் பொறியாளர் அம்மையார் ஒருவரை வரவழைத்தோம். தொட்டியைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எந்தப் பக்கம், எந்த வேகத்தில் போகும் என்று கணக்கிட்டார். முடிவு? தொட்டியில் குறையில்லை! கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். எனக்கு நிம்மதி. ஆம், ஒளிக்காமல் சொல்கிறேன், நிம்மதி!

கிளம்பும் முன் தொட்டியை ஒருமுறை நேரில் பார்க்க வந்தார் அம்மையார். வாசலில் தொட்டியார் நின்றிருந்தார்.

"மேடம், நான் பம்ப நிறுத்தவே இல்ல. சேறு அடியிலேர்ந்து பொங்கல. சுவரோரமா ஏறி வந்துச்சு."

"சுவரோரமாவா? அப்ப நடுவுல?"

"நடுவுல கண்ணாடி மாதிரி கெடந்துச்சு. ஓரத்துல மட்டும் புகையா எழும்புச்சு. சொன்னா யாரு கேக்குறா?"

"நான் கேக்குறேன். மொதல்லேர்ந்து சொல்லுங்க."

பயணத்தைத் தள்ளிப் போட்டார். தன் கணக்கைத் தானே குடைந்தார். அகப்பட்டது! உள்ளே வரும் நீரும் தொட்டியில் நிற்கும் நீரும் ஒரே கனம் என்று வைத்துக் கணக்கிட்டிருந்தார். சேறு கலந்த நீர் சற்றே கனம். எவ்வளவு? ஆயிரத்தில் ஒரு பங்கு! அந்த ஒரு பங்கைச் சேர்த்து, மழைநாள் வரத்தையும் கொடுத்து மறுபடி கணக்கை ஓட்டினார். நுழைந்த நீர் தரைக்கு விழுந்தது, தரையோடு தவழ்ந்தது, சுவரில் முட்டியது, முட்டிய வேகத்தில் ஏறி விளிம்பைத் தாண்டியது.

குழுவின் முன் எழுந்து நின்றார்.

"என் மொத அறிக்கை தப்பு. அத வாபஸ் வாங்கிக்கிறேன்."

நான் விட்டேனா? "ரெண்டு தடவ ரெண்டு பதில் சொல்ற கம்ப்யூட்டர எப்படிம்மா நம்புறது?"

"நம்ப வேணாம் சார். அடுத்த மழையில, நடுவுல தண்ணி நுழையிற எடத்துல சாயம் ஊத்திப் பாருங்க. மொத கணக்கு சரின்னா, சாயம் ஓரத்துக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். ரெண்டாவது சரின்னா பன்னெண்டு நிமிஷம்."

மழை வந்தது. சிவப்புச் சாயம் ஊற்றினோம். வேலையில் இல்லாதவர் என்பதால் தொட்டியார் கம்பி வேலிக்கு வெளியே நின்றார். கடிகாரம் என் கையில். பத்து நிமிடம், ஒன்றுமில்லை. பதினொன்று, ஒன்றுமில்லை. பன்னிரண்டைத் தொடும்போது, சுவரோரம் சிவப்பாய் எழும்பியது. வேலிக் கம்பியைப் பிடித்தபடி தொட்டியார் கேட்டார்.

"சார், இப்ப யாரு தப்புன்னு எழுதப் போறீங்க?"

"என் தப்புன்னு."

"எழுதுங்க. படிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள வருவேன்."

குடைக்கடியில் நின்றே எழுதினேன். வேலி வழியே வாங்கிப் படித்தார். தேதி தப்பு என்றார். திருத்தினேன். உள்ளே வந்தார்.

பிறகு சுவரில் சரிவாகத் தடுப்புத் தகடுகள் பொருத்தினோம். ஏறி வந்த ஓட்டம் தொட்டிக்குள்ளேயே திரும்பியது. அடுத்த மழைக்கு ஆறு தெளிவாகவே ஓடியது.

அன்பர்களே! கணக்குப் போடப் படிப்பு போதும். கையெழுத்திட்டுக் கொடுத்த கணக்கை, நாலு பேர் நடுவில், ‘தப்பு’ என்று திரும்பப் பெற எது வேண்டும்? ஒரு தொழிலாளியின் கண் பார்த்ததைத் தன் கணிப்பொறிக்குச் சமமாக மதிக்க எது வேண்டும்? அது என்னிடம் இல்லை. அந்த அம்மையாரிடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன்.

இருக்கை நோகக் கேட்டீர்கள். என் பிழையையும் பொறுத்துக் கேட்டீர்கள். உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.