பேர்சொல்லிக் கிணறு

நம்ம பாட்டனோட பாட்டன் கோவணம் கட்டப் படிக்காத காலம்னு வச்சுக்கங்க. அப்ப கிழக்குச் சீமையில மருதூரணின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இப்பவும் இருக்கு, ஆனா அப்ப இருந்த ஊரு வேற. ஊரணி வத்துனா ஊரே வத்திப்போகும். தோண்டுற எடமெல்லாம் உப்புத்தண்ணி. அந்த ஊருல சோணைன்னு ஒரு சம்சாரி, அவன் பொண்டாட்டி இருளாயி. அவுகளுக்கு ரெண்டும் பொம்பளப்பிள்ளைக. மூத்தவ பூமயிலு, எளையவ செல்லி.

பொம்பளப்பிள்ள பெத்தவுக என்ன செய்வாக? பிள்ள நடக்கப் பழகும்போதே பாத்திரம் சேக்க ஆரம்பிச்சிருவாக. ஒரு வெள்ளாமைக்கு ஒரு குடம், அடுத்த வெள்ளாமைக்கு ஒரு தாம்பாளம். வாங்குன கையோட அதுல பேரு வெட்டணும். நாளைக்கு மாமியா வீட்டுல நாலு மருமக பொழங்குற எடத்துல இது இன்னார் மகளோடதுன்னு தெரிய வேணாமா? அதுக்கு உளியும் சுத்தியலும் தூக்கிக்கிட்டு ஒருத்தர் வருவாராம். புள்ளி புள்ளியா அடிச்சு எழுத்தாக்கிக் குடுப்பாராம்.

பூமயிலு அவரு பக்கத்துல போய்க் குத்தவச்சு ஒக்காந்துக்குவா. "பெருசா வெட்டுங்க தாத்தா, தூரத்துல இருந்து பாத்தாலும் தெரியணும்"ம்பா. வீட்டுல ஒருத்தருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அந்தப் புள்ளிகளத் தடவிப் பாத்தே இது என் பேருன்னு சொல்லிருவாளாம். அதுல ஒரு பித்தளைச் செம்பு மட்டும் சீருக்குப் போகாம அடுப்படியிலயே தங்கிப்போச்சு. அவ தண்ணி குடிக்கிற செம்பு அது.

அந்தப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கிற நேரத்துல காய்ச்சல் வந்துச்சு. என்னென்னமோ அரைச்சு ஊத்துனாக, எந்தெந்தச் சாமிக்கோ காசு முடிஞ்சு போட்டாக. நிக்கல. கடைசியா அவ ஒதட்ட நனைச்சதும் அந்தச் செம்புத் தண்ணிதான். போயிட்டா.

அதுக்குப் பெறகு இருளாயி தண்ணி குடிச்சா அந்தச் செம்புலதான் குடிப்பா. குடிக்கும்போது கட்டவெரலு அந்தப் புள்ளிகளத் தடவிக்கிட்டே இருக்குமாம். போட்டாவா, படமா, அந்தக் காலத்துல என்ன இருந்துச்சு? அவ பிள்ள இருந்தாங்கிறதுக்கு ஒலகத்துல அந்தப் புள்ளிதான் சாட்சி.

காலம் நிக்குமா? எளையவ செல்லிக்கு நல்ல எடம் வந்துச்சு. சீரு வைக்கணும். வீடு நெறையப் பாத்திரம் இருக்கு, ஆனா மூத்தவளுக்கு மொதல்லன்னு சேத்ததால எல்லாத்துலயும் செத்தவ பேரு. அத மணவறைக்கு முன்னால வரிசை வச்சா சம்பந்தக்காரக மூஞ்சி எப்படி இருக்கும்? சோணையும் இருளாயியும் பேசி முடிவு பண்ணுனாக. மேக்க இருந்து ஏகப்பன்னு ஒரு பாத்திர யாவாரி மாட்டு வண்டியில வருவாரு. பழசப் போட்டுட்டு, அதுக்கு ஈடா புதுசு வாங்கிக்கிறது.

யாவாரி வந்த அன்னைக்கு இருளாயி அந்தப் பக்கமே நிக்கல. மகளோட குடத்தத் தராசுல தூக்கி வைக்கிறத அவளால பாக்க முடியாது, காட்டுக்குப் போயிட்டா. செம்ப மட்டும் போட்றாதன்னு புருசன்கிட்ட சொல்லிட்டுப் போகல. ஏன் சொல்லணும்? அதப் போடலாம்னு யாருக்காவது தோணும்னு அவளுக்குத் தோணல.

ஏகப்பன் நிறுத்துப் பாத்தாரு. குடத்துக்குக் குடம் சரியா வந்துச்சு. கடைசியில பெரிய அண்டா நின்னுச்சு. "எல்லாஞ் சரிப்பா, ஒரு கை அளவு கொறையுது. ஏதாச்சும் சின்னதா கெடந்தா எடுத்துட்டு வா, அண்டாவ எறக்கிருவோம்"னாராம்.

சோணை உள்ள போனான். கண்ணுக்கு முன்னால செம்பு இருக்கு. உள்ள கெடந்த தண்ணிய முருங்க மரத்து மூட்டுல ஊத்துனான். கொண்டுபோய்த் தட்டுல வச்சான். தராசு முள்ளு நேரா நின்னுச்சு. சோணையத் திட்டாதீக, எல்லாருக்கும் சேத்து நானே திட்டி முடிச்சிட்டேன். மகளுக்குச் சீரு கொறையக் கூடாதேங்கிறதுதான் அந்த நேரத்துல அவன் மண்டைக்குள்ள இருந்துச்சு. இருக்கிற மகளப் பாத்தான், போன மகள மறந்துட்டான்.

வெயிலு தாழ இருளாயி வந்தா. தண்ணிப் பானைக்கு மேல கைய வச்சுத் துழாவுறா.

"செம்ப எங்கய்யா?"

"கொஞ்சம் கொறைஞ்சுச்சு. போட்டுட்டேன்."

அவ பானைக்குள்ள கைய விட்டு உள்ளங்கையில தண்ணிய அள்ளிக் குடிச்சா. அன்னையில இருந்து சாகுற வரைக்கும் கையிலதான் குடிச்சாளாம். ஒரு வார்த்தை வைஞ்சிருந்தா அவன் பொழைச்சிருப்பான். அவ வையல. அவ வையாம இருக்க இருக்க அவனுக்கு நெஞ்சு வெந்துச்சு. மூத்தவ பேரச் சொல்ற யோக்கியதை தனக்குப் போயிருச்சுன்னு நெனச்சு, அந்தப் பேரையே வாயில எடுக்கிறத விட்டுட்டான். அவன் சொல்லலங்கவும் அவளும் சொல்லல. ஊரு எப்படிச் சொல்லும்? அல்பாயுசுல போன பேர ஊருல எந்தப் பிள்ளைக்கும் வைக்க மாட்டாக. அந்தப் பேரு அப்படியே அடங்கிப்போச்சு.

செல்லி கல்யாணம் முடிஞ்சதும் சோணை மேக்க நடந்தான். கேட்டுக் கேட்டு ஏகப்பன் வீட்டக் கண்டுபிடிச்சுட்டான்.

"அய்யா, நான் போட்ட செம்பு ஒண்ணு. அதத் திருப்பித் தாங்க. நீங்க கேக்குறதத் தாரேன்."

ஏகப்பன் அவன ஒக்கார வச்சாராம். "அப்பு, பழசு எதையும் நான் வச்சிருக்கிறதில்ல. வந்ததும் உலைக்குப் போயிரும். ஒன் செம்பு இந்நேரம் எந்தக் கோயிலு மணியில கெடக்கோ, எவன் மாட்டுச் சலங்கையில கெடக்கோ. நான் எங்க போயித் தேட?"

நல்ல மனுசன் அவரு. புதுச் செம்பு ஒண்ண எடுத்துட்டு வந்து, "இதுலயே பேரையும் வெட்டித் தாரேன், கொண்டு போ"ன்னாரு. சோணை அதக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தான். அவ கண்ண ஏமாத்திரலாம், அவ வெரல ஏமாத்த முடியாதுன்னு தெரிஞ்சுச்சு. வச்சுட்டு வந்துட்டான்.

ஊரு எல்லையில இருளாயி நிக்கிறா.

"கெடச்சுச்சா?"

உருக்கிட்டாகன்னு சொல்லத்தான் வாயத் தெறந்தான். மகள ஒருக்க எரிச்சாச்சு, இன்னொருக்க எரிச்சேன்னு எப்படிச் சொல்றது? வாயி வேற சொல்லுச்சு. "வித்துட்டாராம். கிழக்க யாரோ வாங்கிட்டாகளாம். எந்த ஊருன்னு அவருக்கு ஞாபகம் இல்லையாம்."

"அப்ப இருக்கு"ன்னா அவ.

மறுநாளே கெளம்பிட்டா. கிழக்க உள்ள ஊருகளுக்குள்ள போவா, ஒவ்வொரு வாசல்லயும் நின்னு தண்ணி கேப்பா. செம்புல குடுப்பாக. செம்ப வாங்கி வெரலால தடவுவா, தண்ணியக் கையில ஊத்திக் குடிச்சுட்டுத் திருப்பிக் குடுப்பா. ஒரு ஊருல கொஞ்சம் அதிக நேரம் தடவிட்டா போல. திருட வந்தவன்னு நெனச்சு வெளக்கமாத்த எடுத்துட்டாக. சோணை தேடிப் போயிக் கூட்டியாந்தான். காலு பூராக் கொப்புளம். அவ பாதத்துக்கு வேப்பெண்ணெய் போட்டு விடுறப்ப அழுதானாம். உண்மையச் சொல்லிருவோம்னு அப்பவும் நெனச்சான். சொல்லல.

"நீ அலைய வேணாம். ஊரு ஒன்கிட்ட வரட்டும்"னான்.

மூணு ஊரு பாதை கூடுற எடத்துல அவனுக்கு ஒரு பொட்டக்காடு இருந்துச்சு. அதுல மம்பட்டியப் போட்டான். பாக்குறவுகெல்லாம் சிரிச்சாக. "ஏம்ப்பா சோணை, ஊருக்குள்ள தோண்டுனா உப்புத்தண்ணியாவது கெடைக்கும், இங்கிட்டு அதுவும் கெடைக்காதே"ன்னாக. அவன் காதுல வாங்கல. தோண்டுனான். பாறை வந்துச்சு, ஒடைச்சான். மண்ணு சரிஞ்சு இடுப்பு வரைக்கும் மூடுச்சு, ஏறி வந்து மறுபடி எறங்குனான். மழை வந்துச்சு, போச்சு. இன்னும் தோண்டுனான். சொன்ன பொய்ய மெய்யாக்க மனுசன் தோண்டுறான், பூமி என்ன செய்யும்? தண்ணி வந்துச்சு. இளநி மாதிரித் தண்ணி.

பெறகென்ன, மூணு ஊரும் வந்துச்சு. குடத்தோட வந்துச்சு, செம்போட வந்துச்சு. வழிப்போக்கன், வண்டிக்காரன், சந்தைக்குப் போறவுக எல்லாரும் அங்கதான் எறங்குனாக. இருளாயி கெணத்து மேட்டுல ஒக்காந்துக்கிட்டா. யாரு வந்தாலும் அதே கேள்விதான்.

"என்ன பேரு ஆத்தா போட்டிருக்கு?"

"வெள்ளையம்மா பேரு, அத்தை."

"நல்லா இரு. எறக்கு."

"ஒனக்கு என்ன பேரும்மா?"

"எங்க மாமியா பேரு. ஆண்டிச்சி."

"நல்லா இரு. எறக்கு."

மொதல்ல பொம்பளைக வாயப் பொத்திச் சிரிச்சாக. விசயம் தெரிஞ்ச பெறகு யாரும் சிரிக்கல. அவ கேக்குறதுக்கு முன்னாலயே பேரச் சொல்லிட்டுத்தான் கயிறு விட்டாக. சொல்லாம எறக்குனா அந்தத் தண்ணி தொண்டையில எறங்காதுன்னு ஒரு பேச்சு கூட வந்துருச்சு. சோணை மட்டும் அந்தப் பக்கம் வர மாட்டான். பித்தளைச் செம்பு ஒண்ணு தூரத்துல மின்னுனாலே, ஏர ஓட்டிக்கிட்டு அடுத்த வயலுக்குப் போயிருவானாம்.

இப்படியே ரெண்டு பேருக்கும் தல நரைச்சுப்போச்சு. இருளாயி படுத்துட்டா. இனி எந்திரிக்க மாட்டான்னு தெரிஞ்ச பெறகு சோணை அவ தலைமாட்டுல ஒக்காந்து சொல்லிட்டான். "செம்பு எங்கயும் இல்ல தாயி. அப்பவே உருக்கிட்டாக. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்"னா.

"எப்படி?"ன்னான்.

"வெளியூரு போயிட்டு வந்தா மொதல்ல தண்ணி கேப்ப. அன்னைக்கு நீ கேக்கல. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சு எதுக்கு ஊரு ஊரா அலைஞ்ச?"

"வீட்டுல கெடந்தா ஒன்ன வைஞ்சிருப்பேன். நான் வைஞ்சா நீ தாங்க மாட்ட. பிள்ளையும் போயி நீயும் போனா நான் யாருக்குச் சோறாக்குறது?"

"கெணத்துல எதுக்கு ஒக்காந்த?"

மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னாளாம். "மூணு ஊரும் பிள்ளைக பேரெல்லாம் சொல்லுச்சுல்ல. தவறிப்போயி யாராச்சும் அந்தப் பேரச் சொல்லிர மாட்டாகளான்னு ஒக்காந்தேன். செம்ப யாருய்யா கேட்டா? அந்தப் பேரு ஒருக்க காதுல விழுந்தாப் போதும்னு இருந்துச்சு. நீயும் சொல்லல, நானும் சொல்லல, ஊரும் சொல்லல."

சோணை அந்தப் பேரச் சொல்ல வாயத் தெறந்தான். இம்புட்டுக் காலம் பூட்டிக் கெடந்த வாயி. ஒதடு துடிக்குது, சத்தம் வரல. அவ அவன் ஒதட்டப் பாத்துக்கிட்டே இருந்தா. வருது, வருதுன்னு பாத்துக்கிட்டே இருந்தா. பாத்தபடியே கண்ணு நின்னுபோச்சு. அவ காதுல அது விழல.

அவளக் குளிப்பாட்டத் தண்ணி எடுக்கணும். ஆம்பளப்பிள்ள இல்ல, சோணையே போனான். கையில மண்ணுக் குடம். கெணத்தச் சுத்தி மூணு ஊருப் பொம்பளைகளும் நிக்கிறாக. அவன் கயித்தக் கட்டிட்டு எறக்காம நிக்கிறான். ஒருத்தி மெல்லச் சொன்னா, "மண்ணுக் குடந்தான மாமா, அதுல பேரு ஏது? எறக்குங்க."

அப்பதான் அவனுக்குச் சத்தம் வந்துச்சாம். கெணத்துக்குள்ள குனிஞ்சு, "பூமயிலு"ன்னான். மறுபடியும், "பூமயிலு"ன்னான். வந்தவுக எல்லாம் முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டாக. அவன் நிறுத்தல. குடம் தண்ணியத் தொடுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தானாம். வீட்டுல கெடக்கிறவளுக்குக் கேட்டுச்சோ கேக்கலையோ, அது யாருக்குத் தெரியும்?

அன்னையில இருந்துதான் அது பேர்சொல்லிக் கிணறு. பாத்திரத்துல பேரு இருந்தா அந்தப் பேரச் சொல்லி எறக்கணும். பேரு இல்லாத பாத்திரம்னா பூமயிலுன்னு சொல்லி எறக்கணும். முன்னால எல்லாரும் பித்தளைக் குடம், அவுகவுக பேருதான் கேக்கும். எப்பவாச்சும் ஒரு மண்ணுக் குடம் வந்தா அந்தப் பேரு வரும். இப்ப யாரு பித்தளையத் தூக்குறா? எல்லாம் பச்சையும் நீலமுமா பிளாஸ்டிக் குடம். அதுல எவன் பேரு வெட்டுறது? நீங்களே காலையில போயி நின்னு பாருங்க. வர்றவுக பூராப் பேரும், வரிசையா, அந்த ஒரு பேரத்தான் சொல்றாக.