அசல் போல்ட்டில் ஒரு துளை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டெபுடி ஷெரிஃப். துளை போடுகிற மெஷின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. என் கொட்டகையிலேயே இரண்டு இருக்கிறது.

ஆனால் எதில் துளை போடுகிறோம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஓரின் ட்வெய்ட்டிடம் இருந்தது 1878-இல் செய்த சுவிஸ் ரைஃபிள். அதன் தோட்டா விளிம்பில் தட்டினால்தான் வெடிக்கும். அந்தத் தோட்டாவை இப்போது யாரும் செய்வதில்லை. அதனால் அது சுவரில் சும்மா அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா அழகாக இருப்பது சிலருக்குப் பொறுக்காது. நடுவில் தட்டினால் வெடிக்கும் தோட்டாவுக்கு அதை மாற்றிவிட வேண்டும் என்று ஓரினுக்கு ஆசை.

தப்பில்லை. மொன்டானாவில் எத்தனையோ பேர் செய்கிறார்கள். ஆனால் மனிதர்களாகப் பிறந்தவர்கள், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துத் தட்டுகிற போல்ட்டை உதிரியாக ஒன்று வாங்கி, அதன் நடுவில் துளை போடுவார்கள். அசல் போல்ட்டைத் துணியில் சுற்றி வைத்துவிடுவார்கள். குழலில் அடித்த எண்தான் அதிலும் இருக்கும். நூற்றைம்பது வருஷம் பிரியாத ஜோடி.

ஓரின் அசலிலேயே துளை போட்டான். போட்டதோடு நிற்காமல் என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

"டேய் பிரைஸ், பாரு. ஒன்றரை மணி நேரத்துல முடிச்சுட்டேன்."

"உதிரி வாங்கலையா?"

"அதுக்கு ஒரு மாசம் ஆகும்டா. வெறும் இரும்புதானே? ஏன்டா எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க?"

வெறும் இரும்பு. நான் சிரித்தேன். கோபப்படுகிற ஆள் இல்லை நான். அதுவும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட வரும் நண்பன். "தோட்டாவ நான் நிரப்பித் தர்றேன்" என்றேன்.

எங்கள் துப்பாக்கிச் சங்கத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு: 'அடுத்தவன் பல் பிரஷ்ஷையும் அடுத்தவன் நிரப்பிய தோட்டாவையும் தொடாதே.' அதற்குப் பெயின்ட் அடித்தவனே ஓரின்தான். அவனே மதிக்கவில்லை என்றால் நான் என்ன செய்வது?

அந்தக் கிழட்டு ரைஃபிள் அந்தக் காலத்து வெடிமருந்தான கருமருந்தைத்தான் தாங்கும். கருமருந்து குண்டை மெதுவாகத் தள்ளும். நான் போட்டது இந்தக் காலத்துப் புகையில்லா மருந்து. அது தள்ளாது, உதைக்கும். எவ்வளவு போட்டாய் என்று கேட்டீர்கள். தாராளமாகப் போட்டேன். கஞ்சத்தனம் எனக்குப் பழக்கமில்லை.

மாற்றிய துப்பாக்கியை முதல் தடவை யாரும் கையில் பிடித்துச் சுடுவதில்லை. பழைய டயரில் கட்டிவைத்து, தூரத்திலிருந்து கயிற்றை இழுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓரின் டயரும் கயிறுமாக வந்து இறங்கினான். எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

"ஏன்டா, உன் புள்ளைக்கு ஞானத்தகப்பனா நிக்க நான் வேணும், தோட்டா நிரப்ப மட்டும் ஆகாதா?" என்றேன்.

பாவம், வெட்கப்பட்டுவிட்டான். "சரி சரி, அழுதுடாத. உன்னைப் போய் சந்தேகப்படுவேனா?" என்று டயரைப் புல்லில் உருட்டிவிட்டான்.

அவன் ரைஃபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தபோது, "இருடா" என்று தடுத்தது நான்தான். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நின்றான். என்னுடையதைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டேன். பிறகு என் டிரக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வெயில் கொஞ்சம் அதிகம்.

கருமருந்து என்றால் வெள்ளைப் புகை மூட்டமாய் எழுந்து எதையும் பார்க்க விடாது. அன்றைக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. போல்ட் இருக்க வேண்டிய இடத்தை விட்டு அவன் முகத்துக்கே பின்பக்கமாக வந்தது. ரைஃபிளும் பிளந்து போயிற்று. அதற்கும் ஓரின்தான் பொறுப்பு.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். தெரிந்துதான் நிரப்பினேன், தெரிந்துதான் டயரைத் தள்ள வைத்தேன். வன்மம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வன்மம் இருப்பவன் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுப்பானா? அவன் கண்ணில் ஒரு கீறல்கூட இல்லை என்று டாக்டரே சொன்னார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.