ஏலக்காய் டப்பாவில் ஒரு பதக்கம்

போர் முடிந்த மறு வருடம், போடியிலிருந்து மலையேறும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"மகனோட மெடலைப் போயி ஏலக்காய் டப்பாவுல போட்டுக் கொண்டாறீகளே மதினி!"

"உங்க அண்ணன் எதையும் மோந்து பாக்காம கையில வாங்க மாட்டாகளே. ஸ்டோர்ல விறகு எரிச்சு ஏலக்காய் காயவைக்கிற மனுசன். அந்த வாசம் அடிச்சாவது மனசு எளகட்டும்."

"இன்னும் மகன்கூடப் பேசலையா?"

"சொல்லாம பட்டாளத்துல சேந்ததுல இருந்து ஆறு வருசமா ஒரு பேச்சு இல்ல. இன்னைக்குப் பேசிட்டா முருகனுக்கு மொட்டை போட்டுக்குவேன்."

"குண்டு விழுகையில ஹெலிகாப்டர எறக்கி, அடிபட்டவங்களத் தூக்கியாந்த புள்ளைகிட்டப் பேசாம இருப்பாகளா?"

நாலாவது கொண்டை ஊசி வளைவில், கடைசி சீட்டிலிருந்த மீசைக்கார வாலிபர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"அந்தா பாருங்க, உங்க வீரன!"

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரும் சேர்ந்துகொண்டார்.

போடிமெட்டில் பஸ் நின்றது. விறகுப் புகை வாசத்தோடு ஒரு பெரியவர், கையில் ஏலக்காய் மாலை. மனைவி நீட்டிய டப்பாவை அவர் பார்க்கவே இல்லை. தள்ளாடி இறங்கிய மகனைத்தான் பார்த்தார்.

"ஏண்டா, ஆகாசத்துல பறந்தவனுக்கு நம்மூரு பஸ்சு தாங்கலையா?"

"தாங்கலப்பா."

பெரியவர் மாலையை மகனின் மூக்கருகே கொண்டுபோனார்.

"இந்தா, மோந்து பாரு. சரியாப் போகும்."

"மதினி," என்றாள் மற்றவள், "உங்க முடி போச்சு!"