தானா மாறுற ஸ்கிரீன்

— ஐயோ, செண்பகம்கா! பாக்காம காலு தட்டிட்ச்சு. கஞ்சி மொத்தமும் தரையில.

— வுடு எபி.

— பேஷண்ட்டுக்கு எடுத்தாந்த கஞ்சிய, வந்ததும் வராததுமா எத்தி வுட்டேன் பாரு. எபினேசர்னு பேரு வெச்சதுக்கு எங்கப்பன் எருமைன்னே வெச்சிருக்கலாம். இரு, தொடச்சிர்றேன். உன் பையில இன்னாவோ பழைய துணி தெரியுது...

— அத்த தொடாத.

— தரைய தொடைக்கத்தான்கா.

— கைய எடுடான்றேன்!

— எடுத்துட்டேன், எடுத்துட்டேன். என் கர்ச்சீப் கீது, இத்த வெச்சி தொடைக்கிறேன். அது எப்படியும் தூக்கிப் போடற கேஸுதான், என்னை மாதிரி.

— கத்திட்டேன், தப்பா நெனச்சிக்காத. எப்படி வந்த?

— பெரியபாளையம் வழியா. கவரப்பேட்டையிலேர்ந்து திருவள்ளூரு வர்றதுக்குள்ள பஸ்ஸு மாறி பஸ்ஸு மாறி இடுப்பு வுட்டுப் போச்சு. ஸ்கிரீன் மாத்துறவனுக்கு பஸ்ஸு மாறத் தெரியாதான்னு நானே என்னை திட்டிக்கினு வந்தேன்.

— சிரிப்பு வரல நைனா.

— எனக்கும் வரலக்கா. வாய் பழக்கம். தம்பி எப்படி கீறான்?

— முழங்கை வரைக்கும் எடுத்துட்டாங்க.

— எந்தக் கை?

— சோத்துக் கை. ரோலரு எந்தக் கைன்னு கேட்டுக்கினா இழுக்கும்?

— கர்த்தரே.

— இன்னும் முழுசா தெளியல. மருந்து வேகத்துல கீறான். நீ உள்ள போவாத. உன்னப் பாத்தா மிஷின் ஞாபகம் வந்துரும் அவனுக்கு.

— சரி, போவல. நான் அவனப் பாக்க வர்லக்கா. கூடப் படிச்சவன பாக்க வரலன்னு சொல்றேன் பாரு, அந்த லட்சணத்துல கீறேன். உன்னத்தான் பாக்க வந்தேன். நாளைக்கு கம்பெனியில என்கொயரி.

— தெரியும். சூப்பர்வைசர் ராபின் சாரு வந்து சொல்லிட்டுப் போனாரு. இந்த பெஞ்சுலதான் உக்காந்தாரு. ஹார்லிக்ஸ் பாட்டிலு ஒண்ணு குடுத்துட்டு, 'செவப்பு ஸ்கிரீன் இருக்கும்போது நீ மிஷின போட்டுட்ட, ரெக்கார்டுல கீது'ன்னாரு. வேலையும் போவுமாம், போலீஸ் கேஸும் வருமாம்.

— நீ இன்னா சொன்ன?

— ஹார்லிக்ஸ்க்கு தேங்க்ஸ்னு சொன்னேன்.

— அக்கா!

— வேற இன்னாடா சொல்லச் சொல்ற?

— பச்சைன்னு சொல்லு! ஸ்கிரீன் பச்சையா இருந்துச்சு, அதனாலதான் போட்டேன்னு சொல்லு. ரெக்கார்டுல செவப்புதான் கீது, அதான் பேஜாரு. ரெக்கார்டு ஒரு எடத்துல கீது, ஸ்கிரீன் ஒரு எடத்துல கீது. ரெக்கார்டுல செவப்பு, உன் கண்ணுக்குப் பச்சை. அப்படி ஆனதுக்குக் காரணம் இந்தப் புண்ணியவான்தான்.

— எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. டிரெயினிங்ல சொன்ன மாதிரி இங்கிலீஷ்ல வுடாத.

— கம்பெனி கேண்டீன்ல தட்டு அடுக்கி வெச்சிருப்பாங்கல்ல? மேல கீற தட்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மிஷின்ல மாட்டி வெச்ச ஃபோன் கீதே, அதுல ஒவ்வொரு ஸ்கிரீனும் ஒரு தட்டு. அடியில எப்பவும் பச்சைத் தட்டு. யாராச்சும் ரோலருக்குப் பின்னாடி பள்ளத்துல எறங்குனா, அவன் தன் ஃபோன்ல 'உள்ள போறேன்'னு அழுத்தணும். உடனே மிஷின் ஃபோன்ல பச்சை மேல செவப்புத் தட்டு வந்து உக்காரும். அவன் வெளிய வந்து 'வந்துட்டேன்'னு அழுத்துனாத்தான் செவப்பு எறங்கும்.

— அது தெரியும்.

— நாம யாரும் ஃபோன தொட வேணாம். நான் எழுதுன புரோகிராம் கோடே அந்தத் தட்ட வைக்கும், அதே எடுக்கும். அதுல எனக்கு ஒரு கர்வம் வேற. அப்புறம் போன மாசம் உங்க கம்பெனி மேனேஜரு, 'ஷிப்டுக்கு வர்றவங்க அட்டெண்டன்ஸ் போட மறந்துட்றாங்கப்பா, ஷிப்டு மாறுனதும் அந்த ஸ்கிரீனு தானா வரணும்'னாரு. இன்னா பெரிய வேலை, ஒரு வரி. எழுதிட்டேன். ஆனா இருக்கற அடுக்கு மேல ஒரு தட்டு வைக்கிற வரிக்கு பதிலா, அடுக்கு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஆரம்பிக்கிற வரிய எழுதிட்டேன்.

— செவப்புத் தட்டும் போயிட்ச்சு.

— போயிட்ச்சு. நீ ரெண்டு மணி ஷிப்டுக்கு வந்த. அட்டெண்டன்ஸ் ஸ்கிரீன் இருந்திருக்கும். போட்டிருப்ப. போட்டதும் பச்சை வந்திருக்கும். உன் தம்பி சின்னராசு பள்ளத்துக்குள்ளயே கீறான், ஆனா ஸ்கிரீன் பச்சை. காலையில ஆபீஸ்ல என் ஃபோன்ல போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு வாட்டியும் பச்சைதான் வந்துச்சு. பாத்துட்டு பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தேன். பக்கத்து சீட்டுக்காரன், 'மாசமா கீறியா மச்சி'ன்னு கேட்டான்.

— உங்க ஓனரு இன்னா சொன்னாரு?

— பூவராகவன் சாரா? 'ஏன்பா அத்த நோண்டிக்கினு கீற'ன்னாரு. சார், தப்பு என்னுதான்னு நேரா கேட்டேன். 'ஒரு காபி குடிப்பா'ன்னாரு. ஆசீர்வாதம் பாஸ்டர்ட்ட போனேன், 'ஜெபிப்போம்'ன்னாரு. எங்கம்மாவக் கேட்டா, 'சாப்ட்டியா'ன்னுது. ஆமா நீதான்டா செஞ்சன்னு ஒருத்தர் சொல்லல. இல்லடான்னும் ஒருத்தர் சொல்லல. ஊரே சேந்து என்ன கண்ணாடி டம்ளர் மாதிரி பதனமா எடுத்து வைக்கிது. நேரா ஒரு பதில் கெடைச்சா போதும்கா எனக்கு.

— கெடைச்சா இன்னா பண்ணுவ?

— தெரியல. நாளைக்கு என்கொயரியில போய் எல்லாத்தையும் சொல்லப் போறேன். வேலை போவும், போவட்டும். ஆனா ஸ்கிரீன் பச்சையா இருந்துச்சுன்னு சொல்றதுக்கு அன்னைக்கு அங்க இருந்த கண்ணு உன்னுது மட்டும்தான். நான் கோடப் பத்தி பேசுவேன், நீ பாத்தத சொல்லணும். ரெண்டும் சேந்தா உன்ன எவனும் ஒண்ணும் பண்ண முடியாது. அக்கா, ஸ்கிரீன்ல இன்னா இருந்துச்சு?

— தரை இன்னும் பிசுபிசுங்குது. அந்தப் பக்கமும் தொட.

— அக்கா.

— தொடடா. யாராச்சும் வழுக்கி வுழுந்துறப் போறாங்க.

— இங்க யாரு கஞ்சியக் கொட்டுனது? ஏம்மா, வார்டுக்கு வெளிய இப்படிப் போட்டு வச்சா நாங்க எப்படி நடக்க?

— நான்தான் சிஸ்டர். தொடைக்கிறேன். கொட்டுறதுல நமக்கு நல்ல எக்ஸ்பீரியன்ஸு.

— நல்ல எக்ஸ்பீரியன்ஸ்தான், போங்க. சின்னராசுவுக்கு அக்கா நீங்கதானம்மா? தம்பி முழிச்சிட்டாரு. வலி கூடத்தான் இருக்கும், ஊசி போட்டிருக்கு. ஆனா ஒண்ணயே திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு இருக்காரு. 'என் துண்டு எங்க, என் துண்டு எங்க'ன்னு. எந்தத் துண்டும்மா?

— தெரியல சிஸ்டர்.

— நம்ம ஆஸ்பத்திரித் துண்ட மேல போத்துனேன், இது இல்லங்காரு. கை போன கவலை கூட இல்ல, துண்டு துண்டுங்காரு. மயக்கத்துல சிலபேரு அப்படித்தான். அக்காவ வரச் சொல்லுங்காரு.

— கொஞ்ச நேரம் கழிச்சு வர்றேன் சிஸ்டர். கஞ்சி வேற போச்சு.

— கஞ்சி கெடக்கட்டும், மொகத்தக் காட்டுனாலே போதும். பாத்துக்கிடுங்க.

— போய்ட்டாங்க. போய்ப் பாருக்கா, உன்ன கூப்புடறான்.

— போறேன்.

— கை போயும் துண்டு கேக்கறான் பாரு. அதான் சின்னராசு. பள்ளிக்கூடத்துலயே டவல மறந்துட்டு வருவான். கவரப்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சு மேலயிருந்து நானே எத்தினி வாட்டி எடுத்தாந்து குடுத்துக்கீறேன். நாஷ்டா கடையில வுடுவான், ரயில்ல வுடுவான். இரு, பஸ் ஸ்டாண்டாண்ட கடை கீது, புதுசா ஒண்ணு வாங்கியாறேன்.

— வேணாம்.

— ஒரு துண்டுதானக்கா. இது கூட நான் பண்ணக் கூடாதா?

— அவன் கேக்கறது புதுத் துண்டு இல்ல. வுடு எபி.

— சரி. ஆனா அவன் துண்டுன்னதும் எனக்கு உங்க பழைய கட்டுதான் ஞாபகம் வருதுக்கா. நான் எழுதுன இந்த ஃபோன் ஆப்பு வர்றதுக்கு முன்னாடி நீங்க துண்டு கட்டிக்கினு இருந்தீங்கல்ல?

— ஆமா. பள்ளத்துல எறங்கறவன் தன் துண்ட ஸ்விட்ச்சு மேல கட்டிட்டுத்தான் எறங்குவான். அவனே மேல வந்து அவனே அவுக்கணும். வேற ஆளு அத்த தொடக்கூடாது. மேனேஜரே வந்து நின்னாலும் தொடக்கூடாது. அப்படி ஒரு கட்டு.

— அந்தக் கட்ட நான்தான அவுத்தேன்.

— நீ எங்க அவுத்த. சின்னராசு அவுத்தான். மேல வந்ததும் துண்டு ஸ்விட்ச்சுல கெடக்க, டீ குடிக்கப் போயிருவான். நாங்க தொட மாட்டோம். மிஷின் சும்மா நிக்கும், ராபின் சாரு அவன தேடிக்கினு கேண்டீனுக்கு ஓடுவாரு. அதப் பாத்துத்தான் மேனேஜருக்கு ஆப்பு ஐடியாவே வந்துச்சு. உனக்கு வேலையும் வந்துச்சு.

— வந்து இன்னா கிழிச்சேன்? டிரெயினிங் அன்னைக்கு உங்க எல்லாரையும் நிக்க வெச்சு இன்னா பேசுனேன் தெரியுமா? ஞாபகம் கீதா?

— கீது. 'இனிமே துண்ட நம்பாதீங்க, ஸ்கிரீன நம்புங்க. துண்டுக்கு டீ குடிக்கப் போனது தெரியாது, ஸ்கிரீனுக்குத் தெரியும்'ன்ன.

— அப்படியே சொல்றியே.

— எல்லாரும் சிரிச்சாங்க. சின்னராசுதான் பெருசா சிரிச்சான். 'உன்னத்தான் கலாய்க்கிறான்டா'ன்னு நான் அவன் முதுகுல தட்டுனேன்.

— மறுநாளே மேனேஜரு, துண்டு கட்டக் கூடாதுன்னு ஆர்டர் போட்டாரு. துண்டு இருந்திருந்தா இது நடந்திருக்குமா? என் வரி தப்பா போயிருந்தாலும் துண்டு புடிச்சி நிறுத்தியிருக்கும்ல? எடுத்துட்டேன். துண்டையும் எடுத்துட்டு, செவப்பையும் எடுத்துட்டேன். நைட்டெல்லாம் அதான் ஓடுது. அவன் எறங்கும்போது அந்த ஸ்விட்ச்சு மொட்டையா நின்னிருக்கும்ல. அந்த மொட்டை ஸ்விட்ச்சுதான் கண்ணுக்குள்ளயே நிக்கிது.

— எபி.

— சொல்லுக்கா.

— மொட்டையா நின்னுதுன்னு உனக்கு யாரு சொன்னது?

— ஆர்டர் போட்டாச்சே.

— ம்.

— இன்னா ம்? எனக்கு இந்த ம் எல்லாம் வேணாம்கா. ஆபீஸ்லயும் ம், சர்ச்லயும் ம். நீயாச்சும் வாயத் தொறந்து சொல்லு. உன் வேலை போவுது, உன்ன போலீஸ்ல புடிச்சிக் குடுக்கப் போறாங்க, ஒரு வார்த்தை சொன்னா தப்பிச்சிரலாம். ஏன் சொல்ல மாட்ற? என்னக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு பாக்கறியா? எனக்காக ஜெயிலுக்குப் போற அளவுக்கு நான் ஒண்ணும் ஒசத்தி கெடையாது. உன் தம்பியோட கையையே எடுத்தவன் நான்.

— உனக்காக இல்லடா.

— அப்புறம் யாருக்காக?

— பச்சைன்னு சொன்னா நான் தப்பிச்சிருவேன்ல?

— அதத்தானக்கா சொல்றேன்!

— அதான் சொல்ல முடியல.

— எனக்குப் புரியல. கஞ்சி கொட்டுனவனுக்குப் புரியிற மாதிரி சொல்லு. ஸ்கிரீன் பச்சையா, செவப்பா?

— பச்சை.

— ஸ்தோத்திரம்! இத்த சொல்லத்தான் இவ்ளோ நேரமா? நாளைக்கு இத்தயே சொல்லு, போதும். தப்பு என்னுது, முழுசா என்னுது...

— இரு. உனக்கு நேரா பதில் வேணும்னியே. அந்தப் பையத் தொற.

— தொடாதன்னு கத்துனியே.

— இப்போ தொடு.

— ...இது துண்டு. சின்னராசு துண்டு. ஓரத்துல கிரீஸு கறை, இந்தக் கிழிசல் கூட எனக்குத் தெரியும். உள்ள அவன் கேட்டுக்கினு கீறான், நீ பையில வெச்சிக்கினு... அக்கா, துணி இங்க முறுக்கிக் கீதே. முடிச்சு போட்ட தடம்.

— ஆமா.

— ஆர்டர் போட்டும் கட்டுனானா?

— திருட்டுத்தனமா கட்டுவான். 'எபி ஃபோனு மேல நம்பிக்கை கீது, ஆனா பழக்கம் வுடலக்கா'ம்பான்.

— அப்போ அன்னைக்கு ஸ்விட்ச்சு மேல துண்டு இருந்துச்சா? நீ வர்றப்போ இருந்துச்சா? யாருக்கா அவுத்தது?

— நான்தான்டா அவுத்தேன். ஸ்கிரீன் பச்சையா கீது, ஸ்விட்ச்சுல துண்டு தொங்குது. ரெண்டுல எத நம்பணும்னு நீ சொல்லிக் குடுத்திருந்த. எருமை, மறுபடி மறந்துட்டு டீக்குப் போயிட்டான்னு சிரிச்சிக்கினே முடிச்ச அவுத்து, பாக்கறப்போ குடுப்போம்னு தோள்ல போட்டுக்கினு, அப்புறம்தான் ஸ்விட்ச்ச அழுத்துனேன்.